கலர் விலகிய வருஷம்

புரட்டாசி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் சண்முகக்கனிக்குக் கலர் விலகிப்போனது. அச்சாபீஸை நம்பியே உலை வைக்கிற வெயிலூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்வதானால், நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் படம் படமாக இருக்கும், சிவப்பு கொஞ்சம் இடப்பக்கமும் நீலம் கொஞ்சம் வலப்பக்கமும் நகர்ந்து விழுந்துவிட்டால் மூக்குக்கு ரெண்டு ஓரம், உதட்டுக்கு ரெண்டு கரை என்று பார்க்கிறவனைக் கண்ணைக் கசக்க வைக்கும். அப்படித்தான் ஆகிப்போனாள் சண்முகக்கனி, முப்பத்திரண்டு வயதில், பல் விளக்கிக்கொண்டிருந்த இடத்தில், காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லாமல். கையை நீட்டிப் பார்த்தாள், வளையலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு வளையல், இந்தப் பக்கம் ஒரு நீல வளையல். பதினோரு வருஷமாக அச்சாபீஸில் ஷீட் செக்கிங் பார்க்கிறவள், லென்ஸ் இல்லாமலே அளவு சொல்லுவாள். அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய் அரிசி களைந்தாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தத்திலும் கலர் விலகியிருந்தது, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மஸ்கட்டில் வேலை பார்க்கிற புருஷன் முத்துராஜ் போனில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சிக்னல் சரியில்ல கனி, ஜன்னப் பக்கம் போ" என்றான். ஜன்னல் பக்கம் போனாள், வாசலுக்குப் போனாள், மொட்டை மாடிக்கும் போனாள். அவன் கடைசிவரைக்கும் சிக்னலையே வைதுகொண்டிருந்தான்.

முதல் வாரம் யாருக்கும் அவள்மேல் கோபம் இல்லை, தலைவலிதான். அவளைப் பார்க்கிற கண், விலகிய ஓரங்களை ஒன்றுசேர்க்கப் படாத பாடு பட்டது, புருவத்துக்குப் பின்னால் ஊசி குத்தியது. இரண்டாம் வாரம் தலைவலி வந்தவர்களுக்கெல்லாம் அதற்கொரு காரணம் தேவைப்பட்டது. உன்னைப் பார்க்கச் சிரமமாக இருக்கிறது, அதனால் உன்னைப் பிடிக்கவில்லை என்று எந்த மனுஷன் நேர்மையாக ஒத்துக்கொண்டிருக்கிறான்? கண்ணுக்குச் சுலபமானவன் நல்லவன், கண்ணுக்குக் கஷ்டமானவன் கெட்டவன், உலகத்தில் பாதி நீதி இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது, வெயிலூர் மட்டும் யோக்கியமா என்ன. பிடிக்காமல் போனது முதலில், காரணம் தேடியது அப்புறம். பால்காரி சுப்புலெட்சுமி, அவளுக்கு எப்பவுமே மண்டைக்கனம் உண்டு என்றாள். மளிகைக் கடைக்காரர், அவள் வாங்கிப் போன பிறகு வெல்லத்தில் எறும்பு ஏறுகிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரி, அவள் சிரிப்பில் விஷம் இருப்பதை ரொம்ப நாளாகத் தான் கவனித்து வருவதாகச் சொன்னாள். வேண்டாத பொண்டாட்டி கை பட்டாலும் குற்றம் கால் பட்டாலும் குற்றம் என்பார்கள், இவளுக்கு நிழல் பட்டாலே குற்றமாக இருந்தது.

இதற்கு ஒரு சுலபமான வழியும் இருந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சண்முகக்கனி பழையபடி ஒரே ஆளாகத் தெரிந்தாள். டீக்கடையில் யாரோ இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே ஊரில் பெரிய ரகளையாகிவிட்டது, ஏனென்றால் தெருவில் போகிற பொம்பளையைப் பார்த்து ஒரு ஆம்பளை ஒற்றைக் கண்ணை மூடினால் அதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான். அம்மன் கோயில் கமிட்டி கூடி, பொது இடத்தில் யாரும் ஒற்றைக் கண்ணை மூடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. பொம்பளைகள் மூடலாமே என்று ஒருத்தர் கேட்டதற்கு, "இவளுக்காக எங்க கண்ண நாங்க எதுக்கு மூடணும்?" என்று பொம்பளைகளே திருப்பிக் கேட்டார்கள். ஒரு இமையை இறக்குகிற வேலை. அந்த அளவுக்குக்கூட அவளுக்குத் தகுதியில்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

மூடியது ஒரே ஒரு ஆள். ஆறு வயது மகள் தர்ஷிகா. அம்மா சோறூட்டும்போது இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொள்வாள். "இப்ப நீ ஒரே ஆளா வந்துட்டம்மா" என்று சொல்லி வாயைத் திறப்பாள். அந்த ஒரு வாய் சோற்றுக்காகத்தான் சண்முகக்கனி ஊர்க்காரர்களின் மூஞ்சிகளையெல்லாம் சகித்துக்கொண்டு கிடந்தாள்.

முத்துராஜின் அக்கா ஜெயக்கொடி இரண்டு தெரு தள்ளி இருந்தாள், பிள்ளை இல்லாதவள். அவளைப் பிடிக்காத ஆள் வெயிலூரில் கிடையாது. வட்ட முகம், பெரிய கண், நடு நெற்றியில் காலணா அகலப் பொட்டு, கூட்டத்தில் நூறு பேர் நின்றாலும் பார்வை தானாகப் போய் அவள்மேல் உட்காரும். பேச்சும் அப்படித்தான், எல்லோரும் ஏற்கெனவே நாலு தடவை கேட்ட வாக்கியங்களைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் வராது, கேட்கிறவர்கள் அவள் முடிக்கும் முன்பே தலையாட்டிவிடுவார்கள். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் அவள் ஒரு தூக்கு நிறைய முறுக்கோடு தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"புள்ளைக்குக் கண்ணு ஒரு பக்கமா இழுக்குது, பாத்தியா?" என்றாள், சண்முகக்கனியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து. "ஒத்தக் கண்ணப் பொத்திப் பொத்தி இப்பிடி ஆகிப்போச்சு. கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்."

"அவ எம்புள்ள மதினி."

"இல்லேன்னு யாரு சொன்னா? கண்ணு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"கண்ணு போகாது. நீங்க உங்க வீட்டுக்குப் போங்க."

ஜெயக்கொடி வீட்டுக்குப் போகவில்லை, கமிட்டிக்குப் போனாள். அச்சாபீஸ் முதலாளி தங்கமாரியப்பன்தான் கமிட்டித் தலைவர், கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். சண்முகக்கனி அரை மணி நேரம் பேசினாள், பேசியதெல்லாம் நிஜம். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் கண்ணைச் சோதித்துக் கொடுத்த சீட்டைக்கூட நீட்டினாள். பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முகத்தைப் பார்க்க முடியாத பேச்சு அவர்களுக்குப் பொய்யாகவே பட்டது. ஜெயக்கொடி எழுந்து, "பெத்தாத்தான் புள்ளையா? புள்ளைங்கறது தெய்வம் குடுக்கறது. எனக்கு வேற என்ன வேணும், அது நல்லா இருந்தாச் சரி" என்றாள், அவ்வளவுதான். பத்துத் தலையும் ஆடியது. முத்துராஜும் போனில், "அக்கா சொல்றது நியாயம்தானே கனி, அக்கா மொகம் எவ்வளவு தெளிவா விழுது பாரு" என்றான். கனி சரியாகிற வரைக்கும் பிள்ளை அத்தை வீட்டில் இருக்கும், கனி அந்தத் தெருப்பக்கமே போகக்கூடாது என்று தீர்ப்பானது. தர்ஷிகா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, அழாமல், கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தபடியே போனாள்.

அன்றையிலிருந்து சண்முகக்கனி ஊரை வெறுத்தாள். பொத்தாம்பொதுவாக அல்ல, வீடு வீடாக, பேர் பேராக, காலையில் எழுந்ததும் கிழக்குத் தெருவில் ஆரம்பித்து ராத்திரிச் சாப்பாட்டுக்குள் மேலத்தெருவை முடிக்கிற மாதிரி ஒழுங்காக வெறுத்தாள். நல்லவளாக இருந்து அவள் கண்ட பலன் என்ன? அச்சாபீஸிலும் அவள் மேஜையைச் சுற்றி ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள், மற்ற பெண்களுக்கு மயக்கம் வருகிறதாம். வேலையை விட்டு நிறுத்தவில்லை, அவள் அளவுக்குக் கண் உள்ள ஆள் வேறு கிடையாது. அடித்த ஷீட் துணிக்கு அடியில் உள்ளே போகும், அவள் சரி என்று கையெழுத்துப் போட்டால் வெளியே வரும், அதற்குப் பிறகுதான் மிஷின் முழு ஓட்டம் ஓடும்.

அந்தத் துணிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் ஊர்க் காலண்டர் வேலை வந்தது. வெயிலூரில் ஒரு வழக்கம் உண்டு, காலையில் எழுந்ததும் வெயிலுகந்தம்மன் படத்தில்தான் முழிக்க வேண்டும். அதற்காகவே முதலாளி வருஷா வருஷம் அம்மன் படம் போட்ட தினசரி காலண்டரை ஊரில் உள்ள நாலாயிரம் வீட்டுக்கும் இனாமாகக் கொடுப்பார். விடிந்ததும் நாலாயிரம் வீட்டிலும் ஆணும் பெண்ணும் குஞ்சும் குளுவானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்து, அண்டாவில் இடித்து, அடுத்தவர் காலை மிதித்து, காலண்டர் முன்னால் போய் நின்று கண்ணைத் திறப்பார்கள். யாருக்கும் முழங்காலில் காயம் ஆறியதே கிடையாது. ஒரு தடவை மாட்டிவிட்டால் அந்த வருஷத்தின் கடைசித் தேதியைக் கிழிக்கிற வரைக்கும் அம்மனை ஆணியிலிருந்து இறக்கக் கூடாது.

முதலில் அடித்து வந்த மாதிரி ஷீட்டை மேஜையில் வைத்துத் தன் கையையும் பக்கத்தில் வைத்தாள் சண்முகக்கனி. அம்மனின் மூக்குத்தியும் மாலையும் அச்சு அசலாகச் சுத்தமாக விழுந்திருந்தன. சிவப்பை இடப்பக்கம் அரை மில்லி, நீலத்தை வலப்பக்கம் அரை மில்லி நகர்த்தச் சொல்லி எழுதி, ஷீட்டை வெளியே தள்ளினாள். நகர்த்தி அடித்ததும் துணிக்கு வெளியே வந்து நின்றார் மிஷின்மேன் காசிராஜன்.

"கனி, செவப்பு ஓடுற மாதிரி இருக்கே தாயி?"

"லென்ஸ் யார் கையில இருக்கு?"

"ஒன் கையிலதான்."

"அப்ப ஓட்டுங்க."

அதற்கு மேல் வாதாட வேண்டுமென்றால் அவர் துணியை விலக்கி அவளைப் பார்க்க வேண்டும். அந்தத் தலைவலிக்கு இது தேவலை என்று போய் மிஷினை ஓட்டினார். ஊர் எக்கேடு கெட்டால் சண்முகக்கனிக்கு என்ன, அந்த நாலாயிரத்தில் ஒன்று ஜெயக்கொடி வீட்டுச் சுவரில் தொங்கும், அதன் முன்னால் தினமும் தர்ஷிகா முழிப்பாள், முழித்து முழித்துப் பழகி, ஒரு நாள் கையால் கண்ணைப் பொத்தாமலே அம்மாவைப் பார்ப்பாள். அந்த ஒரு காலண்டருக்காக மிச்சத்தையும் அடித்தாள்.

மார்கழிக் கடைசியில் காலண்டர் வீடு வீடாகப் போனது. கலர் விலகியிருக்கிறதே என்று சிலர் முணுமுணுத்தார்கள், அச்சாபீஸ் ஊரில் இது தெரியாதா. ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா, அதுவும் அம்மனை. மாட்டினார்கள். தை மாதம் முழுக்க வெயிலூர் விடியும்போதே தலைவலியோடு விடிந்தது, மருந்துக் கடையில் தைலம் தீர்ந்து பக்கத்து ஊரிலிருந்து வந்தது, புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் காலை ஆறு மணிக்கே தொடங்கி ஏழுக்குள் முடிந்தது. மாசியில் வலி குறைந்தது. பங்குனியில் யாருக்கும் வலிக்கவில்லை. கண் ஒரு கழுதை, தினமும் ஒரே வழியில் ஓட்டினால் அதுதான் உலகத்திலேயே நல்ல வழி என்று நினைத்துக்கொள்ளும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது மற்ற ஊர்க் கதை, வெயிலூரில் புளித்ததெல்லாம் பழகப் பழகப் பாலானது.

பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம் பால்காரி சுப்புலெட்சுமி கால் லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டு நின்றாள்.

"என்னடி கனி, இன்னைக்கு இம்புட்டு லெச்சணமா இருக்க?"

"நேத்து எப்பிடி இருந்தேன்?"

"நீ எப்பவும் நல்லவதாண்டி. நாந்தான் அப்பவே சொன்னேனே."

அதற்குப் பிறகு மளமளவென்று எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வந்தது. அவள் பொறுமைசாலி, அவள் கைராசிக்காரி, அவள் வாங்கிப் போனால் அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது. பிடித்துப்போனது முதலில், காரணம் தேடியது அப்புறம். அச்சாபீஸில் பச்சைத் துணியை அவிழ்த்தார்கள். பொங்கல் பானையை முதலில் அவள்தான் இறக்க வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் வந்து கும்பிட்டு நின்றார்கள், அம்மன் ஜாடை அப்படியே இருக்கிறதாம். அவளுக்கு அது இனிக்கவில்லை என்று சொன்னால் பொய். இனித்தது, ஆனால் ஒரு துளி வெறுப்பும் குறையாமல் இனித்தது.

"எம்புள்ள எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கமாரியப்பன் ஆள் விட்டார். ஜெயக்கொடி, பரீட்சை முடியட்டும் என்றாள். பரீட்சை முடிந்ததும் லீவு முடியட்டும் என்றாள். லீவு முழுக்க அவள் வீட்டுக் கதவே திறக்கவில்லை, லீவு முடிந்ததும் பிள்ளைக்கு முக்காடு போட்டுத்தான் பள்ளிக்கூடம் கூட்டிப்போனாள், தெருவில் அதன் முகத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. சண்முகக்கனி தெரு முனைவரை போய்ப் போய்த் திரும்பினாள். பார்த்துப் பழகிக்கொண்டிருப்பாள், தினமும் பழகிக்கொண்டிருப்பாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

வைகாசியில் டீக்கடைக்காரர் மீசைக்குக் கலர் விலகியது. ஊர் ஓடினால் ஒத்து ஓட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் பத்து நாளில் கிழக்குத் தெரு முழுக்க விலகியது, ஆனி பிறப்பதற்குள் முதலாளி, காசிராஜன், டாக்டர், கோயில் பூசாரி எல்லோரும் சிவப்பு ஓரமும் நீல ஓரமுமாக நடமாடினார்கள், ஒருவரை ஒருவர் பார்த்து, அடடா என்ன களை என்று பூரித்துப்போனார்கள். வெளியூரிலிருந்து வருகிற பஸ்ஸில் யாராவது துல்லியமான முகத்தோடு இறங்கினால் முகத்தைச் சுளித்தார்கள். கண்டக்டருக்கு ஒரு நாள் கல்லடி விழுந்தது, காரணம் கேட்டதற்கு அவன் திமிர் பிடித்தவன் என்றார்கள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயக்கொடி வந்தாள். அவளுக்கும் விலகியிருந்தது, அந்தப் பொட்டு இப்போது சிவப்பில் ஒன்று நீலத்தில் ஒன்று. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கையை முழுக்க நீட்டி, சூடான சட்டியைப் பிடிக்கிற மாதிரி ஒரு சின்ன மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"இந்தா, ஒம்புள்ள. என்னால முடியல."

"என்ன மதினி முடியல?"

"நீயே பாரு. ஊரே மாறுது, இது மாறல. பள்ளிக்கூடத்துல கடைசிப் பெஞ்சுல செவுத்தப் பாத்து உக்கார வச்சிருக்காக. நெஞ்சழுத்தம் புடிச்ச புள்ள, அம்புட்டுத்தான் சொல்வேன்."

அவள் போய்விட்டாள். சண்முகக்கனி ஓடிப்போய் மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டிக்கொண்டாள், எட்டு மாசத்துச் சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தது, வியர்வை வாசனையும் எலும்பும் தோளும் எல்லாம் அதே பிள்ளை. பிறகு கண்ணைத் திறந்து முகத்தைப் பார்த்தாள்.

பிளேடால் வெட்டி எடுத்த மாதிரி ஒரு முகம். ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாக, உதட்டுக்கு ஒரே கரை, மூக்குக்கு ஒரே ஓரம். சண்முகக்கனியின் இடது புருவத்துக்குப் பின்னால் ஊசி குத்தியது. அவளுக்குப் பிடிக்கவில்லை. வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளையைப் பார்த்து அவளுக்குப் பிடிக்கவில்லை. உடனே காரணங்கள் வரத் தொடங்கின. அத்தை செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள், பார்வையில் ஒரு முறைப்பு இருக்கிறது, அம்மாவைக் கண்டு அழக்கூட இல்லை, நெஞ்சழுத்தம்தான். இந்தக் காரணங்களெல்லாம் எங்கேயிருந்து வருகின்றன என்று அந்த ஊரில் மற்ற எவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் வந்துகொண்டே இருந்தன.

"நீ காலண்டர்ல முழிக்கலையா?" என்று கேட்டாள்.

தர்ஷிகா இல்லை என்று தலையாட்டினாள். பாவாடைப் பையிலிருந்து ஒரு சின்னப் போட்டோவை எடுத்து நீட்டினாள். அச்சாபீஸ் அடையாள அட்டைக்காக மூன்று வருஷத்துக்கு முன் எடுத்ததில் மிஞ்சிய ஒன்று.

"இதுலதாம்மா முழிச்சேன். தலகாணி உறைக்குள்ள வச்சிருந்தேன். அத்தைக்குத் தெரியாது. தெனமும் உன்னையத்தாம்மா மொதல்ல பாத்தேன்."

சண்முகக்கனி போட்டோவைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி, கறாரான முகம், பார்க்கவே சகிக்கவில்லை. அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். மகளின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் உள்ளறைச் சுவரில் தொங்கிய அம்மன் முன்னால் நிறுத்தினாள்.

"கண்ண நல்லாத் தொறந்து பாரு."

"தல வலிக்கும்மா."

"பழகிரும்," என்று சொல்லிவிட்டு, தலை இந்தப் பக்கம் திரும்பிவிடாதபடி பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.